கிழக்கு மூலை ஒழுக்கு

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மலாய் நாட்டில், மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் குன்றின் மேல், கல்கோபுரமும் அம்பு எய்யும் துவாரங்களுமாக ஒரு பங்களா நிற்கிறது. தன் நாட்டுப் பழங்காலக் கோட்டை வீடுகளைப் பார்த்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கட்டினாராம். ஜப்பான்காரன் காலத்திலும் அது 'சேதமின்றிப் பாதுகாக்கப்பட்டது' என்கிறது வாசலில் உள்ள பலகை. யாரால்? அதைச் சொல்ல இடம் போதவில்லை போலும். தோட்டத்தில் விசாரித்தேன். ஒரு கொத்தனாரின் பெயரும் அரைகுறையாக ஒரு கதையும் கிடைத்தன.

2.
முதல் தொடக்கம்: கருமேகங்கள் திரண்டிருந்த ஒரு மாலையில், பக்கிரிசாமி தன்

(வேண்டாம். மேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: கோட்டை கட்டிய துரை, ஜப்பான் படை வருகிறது என்றதும் அதற்குள் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நாயைக்* காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினார். போகும்போது கொத்தனார் பக்கிரிசாமியிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. இதுவே இருக்கட்டும்.

* நாயின் பெயர் துரையின் கடிதங்களில் இருக்கிறது. கொத்தனாரின் பெயர் இல்லை.

3.
1943. பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் குடியேறியிருந்தான். லயத்து ஆண்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றினார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. பக்கிரிசாமியை மட்டும் விட்டுவைத்தார்கள், கோபுரத்தின் கிழக்கு மூலை ஒழுகியதால். ஒழுக்கு நின்றதும் அவனும் லாரியில் ஏற வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தான்.

ஆகவே பக்கிரிசாமி பூசுவான். மழைக்கு முன் கொஞ்சம் சுரண்டிவிடுவான். மூன்று மாதம் இப்படியே ஓட்டினான். ஆனால் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலத்தைக் கோபுரம் தாங்காது என்று கல்லைத் தட்டிப் பார்த்ததிலேயே தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இடிஞ்சா இடியட்டும்," என்றாள் மனைவி மருதம்மாள். "ஓடிப்போன தொரை ஊட்டக் காப்பாத்திட்டு நீ சயாமுக்குப் போவியாய்யா?"

"தொரை ஊடா? அவன் ஒரு கல்லத் தொட்டானா? எங்கப்பன் தோள்ல சொமந்து ஏத்துன கல்லு புள்ள. ரெண்டு பேரு அதுல நசுங்கிச் செத்தாங்க."

"செத்தவங்களுக்கு ஊடு நிக்கணும். எனக்கு?"

(இதற்கு அவன் சொன்ன பதிலை நான்கு முறை எழுதி நான்கையும் அடித்துவிட்டேன்.)

4.
ஒரு முடிவு வைத்திருந்தேன். ஜப்பான் சரணடையும்வரை மூலை ஒழுகுகிறது, கோபுரம் சரிகிறது, மருதம்மாள் புருஷனோடு கிழவியாகிறாள். எழுதி முடித்த பிறகுதான் பங்களாவுக்குள் போய்ப் பார்த்தேன். நல்ல மழை. காவலாளி அபூபக்கர் மேலே கூட்டிப்போனார். கோபுரம் நின்றுகொண்டிருந்தது.

"எவ்ளோ மழ பேஞ்சாலும் இந்த மூலைல ஒரு சொட்டு எறங்காதுலா, அண்ணே. ஜப்பான் காலத்துப் பூச்சு. அப்புறம் யாரும் கை வைக்கல."

அண்ணாந்து நின்றேன். முகத்தில் ஒரு துளிகூட விழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனய்யா இவ்வளவு நன்றாகப் பூசித் தொலைத்தாய்?

என் முடிவைக் கிழித்துவிட்டேன். லயத்து வாசலில் லாரி வந்து நின்ற காலையை நான் எழுத மாட்டேன். அங்கே மருதம்மாள் நிற்கிறாள். அவளிடம் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால், நீங்கள் எழுதுங்கள்.