ஒஹாயோவுக்குப் போன கை

குணவதியின் வலது கை அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்தபோது, கையின் சொந்தக்காரி ஆக்லாந்தை விட்டு ஓரடிகூட நகரவில்லை. விசா கேட்கவில்லை, விமானம் ஏறவில்லை. லின்ஃபீல்டு வீட்டிலிருந்து ஹென்டர்சனுக்கு வேலைக்குக் காரில் போய்வருவதோடு சரி. காரை ஓட்டியவர் அவள் கணவர் நவரத்தினம்.

செய்தியை ஊருக்கெல்லாம் ஓட்டியவரும் அவர்தான். மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து நிறுத்துவார். "அமெரிக்காவில ஃபாக்டரியள் எல்லாம் திரும்பத் துறக்கினம் எண்டு நியூசில சொல்லுகினமே, துறக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்? என்ர மனிசிதான்." இதனால் அந்தக் கடையில் முருங்கைக்காய் விற்பனையே படுத்துவிட்டது என்று கடைக்காரர் அழாத குறையாகச் சொல்லித் திரிந்தார்.

அவர் அளந்ததில் ஒரு பிடி உண்மையும் இருந்தது. ஒஹாயோவில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பம்ப் தொழிற்சாலை. வேலையெல்லாம் கடல் தாண்டிப் போனபிறகு, புறாக்கள் மட்டும் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த கட்டடம். அதை இப்போது மறுபடி திறந்திருந்தார்கள். புதிய பம்ப் செய்வதற்கு அல்ல. பழுதாகிப் போன கிணற்றுப் பம்புகளைக் குப்பைக்கு அனுப்பாமல், கழற்றி, தேய்ந்ததை மாற்றி, இன்னொரு ஆயுள் ஓடவைப்பதற்கு. பம்புகள் மலைமலையாக வந்து குவிந்தன. கழற்றத்தான் ஆளில்லை. வேலை தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். இளையவர்கள் அந்த வாசல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கிடைத்த கொஞ்சம் பேருக்குத் துணையாக இயந்திரக் கைகளை வாங்கினார்கள். கைகள் கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரிப் பளபளவென்று வந்து இறங்கின. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றத் தெரியவில்லை.

அவற்றுக்குப் பழக்கிக்கொடுக்க அகப்பட்ட இடம்தான் ஹென்டர்சனில் குணவதி வேலை செய்த பம்ப் பட்டறை. வயர்கள் முளைத்த ஒரு கையுறையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். அவள் பம்பைக் கழற்றிப் பூட்ட, விரல் போன வழியெல்லாம் கணினியில் பதிவாகும். அதைப் பார்த்து அங்கே இயந்திரக் கை பழகும். குணவதி தொட்டால், துருப்பிடித்து உலகத்தோடேயே கோபித்துக்கொண்டிருக்கிற பம்புகூட மனம் இளகித் திறந்துவிடும். பக்கத்து மேசைப் பழனிவேலும் கெட்டிக்காரர்தான். மலேசியாக்காரர், ஸ்க்ரூ சம்மதிப்பதற்கு முன்பே அதைக் கழற்றிக் கையில் வைத்திருப்பார். ஆனாலும் கையுறை முதலில் குணவதிக்குத்தான் வந்தது. கோடை முழுக்கப் பதிவு நடந்தது.

குளிர்காலம் வந்தபோது அவள் கையும் நடுங்க ஆரம்பித்தது. குளிரால் அல்ல. ஆபத்தான வியாதி இல்லை, ஆனால் இந்த நடுக்கம் இனிக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையில் ஒருவரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. கோடையில் பதிந்த கை ஒஹாயோவில் இருக்கிறது, அது நடுங்காது என்ற ஒரே நினைப்பு அவளுக்குப் போதுமாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலையில் ஸ்வர்ணா லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதிவுகளைச் சரிபார்த்து அனுப்புகிற பொறியாளர்; கோயம்புத்தூர்ப் பெண்.

"குணா ஆன்ட்டி, ஒஹாயோல இருந்து ஒரு கேள்வி. நம்ம கை எதுக்கு மூஞ்சியத் தொடுதுன்னு கேக்கறாங்க."

"எந்த மூஞ்சியை? அதுக்கு மூஞ்சியே இல்லையே, பிள்ளை."

"அதையேதான் அவங்களும் கேக்கறாங்க."

வீடியோவை ஓடவிட்டார்கள். இயந்திரக் கை பம்பின்மேல் மெல்ல விரலை வைத்தது. மேலே எழுந்தது. வெறும் காற்றில் ஒரு கணம் நின்றது. கீழே இறங்கி வேலையைத் தொடங்கியது. இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை.

"நல்லாத்தானே செய்யுது?" என்றாள் குணவதி.

"எனக்கும் ஒண்ணும் தெரியல ஆன்ட்டி."

பின்னால் நின்று எட்டிப்பார்த்த பழனிவேல் தலையில் கைவைத்துக்கொண்டார். "அலாமா, பம்பத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிதுலா. ரெண்டு பேருக்கும் தெரியலையா?"

குணவதிக்கு முகம் சூடேறியது. வேலை தொடங்குமுன் பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்தான். மூச்சு விடுவதைப் போல, அவளை அறியாமலே நடக்கும் காரியம் அது.

ஸ்வர்ணா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மூக்கு சொறிஞ்சது, தும்மினது, பழனி அங்கிள்கூட சண்டை போட்டது, எல்லாத்தையும் பாத்துப் பாத்து வெட்டினேன். இது என் கண்ணுலயே படல."

"எப்பிடிப் படும்? காலமையில நீர் லாப்டாப்பைத் துறக்கிறதும் அப்பிடித்தானே," என்று சிரித்தாள் குணவதி.

ஆனால் ஒஹாயோத் தலைமைப் பொறியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பம்புக்கும் இந்த வீண் அசைவு. அதை மட்டும் வெட்டினால், கை முதல் ஸ்க்ரூவைத் தேடித் தடுமாறியது. எல்லாவற்றையும் ஒரே கோவையாகப் படித்துவைத்திருந்தது அது. ஆகவே முதலிலிருந்து புதிதாகப் பதிய வேண்டும், பழையதை அழித்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்.

குணவதி மறுபேச்சில்லாமல் கையுறையை மாட்டினாள். பம்பைப் பிடித்தாள். திரையில், கோடையில் நூல் பிடித்ததுபோல் ஓடிய கோடு, இப்போது மழைத்துளி விழுந்த குட்டை மாதிரி நெளிந்தது.

"கிளவுஸ் சரியா மாட்டலையோ ஆன்ட்டி?"

"மாட்டினது சரி, பிள்ளை. கைதான்."

ஸ்வர்ணா திரையை விட்டு அவள் கையைப் பார்த்தாள். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீர் என்னை இருத்திவச்சுத் தேத்தண்ணி தந்திருப்பீர். எனக்கு வேலை வேணும்." கையுறையை மெல்லக் கழற்றினாள். "அங்க இருக்கிறதுதான் என்ர நல்ல கை. அதை அழிச்சா வேற இல்லை. ஆனா எனக்காக அவையின்ர வேலை நிக்கக் கூடாது. பழனியின்ர கையைப் பதிஞ்சு அனுப்பும்."

"ரெண்டையும் ஓட்டிப் பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் அழிக்க வேண்டாம்னு கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள் ஸ்வர்ணா.

சாயந்தரம் காருக்குள் நடந்ததைச் சொன்னாள். நவரத்தினம் பிளாக்ஹவுஸ் பே தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. கல்யாண நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மணவறையில்கூட ஐயரோடு கதைத்துக்கொண்டிருந்தவர்.

"அப்ப நான் கடையில என்னத்தைச் சொல்லுறது?" என்றார் கடைசியில்.

"முருங்கைக்காய் வாங்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ."

வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அரைக் கோப்பை. சில மாதங்களாகவே அவர் அரைக் கோப்பைதான் ஊற்றுகிறார், சிந்தாமல் இருக்கட்டும் என்று. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. குடித்து முடித்ததும் மற்ற அரையைக் கொண்டுவருவார்.

பழனிவேலின் கையைப் பதிந்து அனுப்பியபின், ஒரு வெள்ளிக்கிழமைக் காலை ஒஹாயோவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இன்னும் வியாழன். அமெரிக்கா எவ்வளவு ஓடினாலும் நியூசிலாந்துக்கு ஒரு நாள் பின்னால்தான் நிற்கும் என்பது நவரத்தினத்தின் பிடித்தமான பேச்சு. திரையில் தலைமைப் பொறியாளர், அவர் பக்கத்தில் நெடுநெடுவென்று ஒரு பெண்மணி. தலை வெள்ளிக்கம்பி. பெயர் மேரிபெத். தொழிற்சாலை மூடியபோது கடைசியாக வெளியே வந்தவர்களில் ஒருத்தி, திறந்தபோது முதலில் உள்ளே போனவளும் அவள்தான். இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறவள்.

பொறியாளர் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். புதிய கை வேகமானது, ஒரு குற்றமும் சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பாய்கிறது என்றாள். நேற்று அவளுடைய காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டது; காப்பி கூரையைத் தொட்டுவிட்டு வந்ததாம். பழைய கை அப்படியில்லை. தொடும், மேலே எழும், ஒரு கணம் நிற்கும். அதைப் பார்த்ததும் எல்லோரும் தங்கள் கையை எடுத்துக்கொள்வார்கள். அது தங்களுக்குக் காலை வணக்கம் சொல்கிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னாள்.

"எங்களுக்கு அந்தப் பழைய கைதான் வேண்டும். இங்கே எல்லோரும் சொல்லிவிட்டோம்."

பொறியாளர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பழைய கையை அழிக்கப் போவதில்லை. பழனிவேலின் கையையும் குணவதியின் கும்பிடோடு தொடங்கப் பழக்குவதாக முடிவு.

"என் கை இப்பத்தான் சாமி கும்பிடப் போவுது," என்றார் பழனிவேல். "என் அம்மா கேட்டா நம்ப மாட்டாங்கலா."

மேரிபெத் போகவில்லை. ஒன்று கேட்க வேண்டும் என்றாள். மேலே எழுந்து அது எதைத் தொடுகிறது?

"என்ர கண்ணை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் குணவதி.

மேரிபெத் திரும்பி இயந்திரக் கையைப் பார்த்தாள். அது அப்போதுதான் ஒரு பம்பைத் தொட்டு எழுந்து காற்றில் நின்றது. அவள் அதனருகே போய், விரல்கள் நின்ற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். அவள் தோளுக்கும் கீழே இருந்தது அந்த இடம்.

"நீ இவ்வளவு உயரம்தானா?" என்றாள்.

"ஓம்," என்றாள் குணவதி. ஆங்கிலம் மறந்துபோயிற்று.

மேரிபெத் அந்த இடத்திலேயே, கன்னத்தைத் தொடுவதுபோல், கையைக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு இயந்திரக் கை வேலைக்கு இறங்கியது, அவளும் விலகிக்கொண்டாள். ஸ்வர்ணா லாப்டாப்பை மூடினாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தான் செய்ததைக் கண்டு தானே சிரித்தாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரை மளிகைக் கடை வாசலில் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று நவரத்தினம் அடம்பிடித்தார். அவர் உள்ளே போனதும் நாலைந்து பேர் வெளியே ஓடிவந்ததைக் குணவதி காருக்குள் இருந்தபடி பார்த்தாள்.

வீட்டில் அவர் தேத்தண்ணி ஊற்றினார். பாதியில் நிறுத்தினார்.

"இண்டைக்கு முழுசா ஊத்துங்கோ," என்றாள்.

"சிந்துமப்பா."

"சிந்தட்டும்."

விளிம்புவரை ஊற்றினார். அவள் கோப்பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடுங்குகிற கையாலேயே தூக்கினாள். கோப்பைத் தட்டில் சிந்தியதை நவரத்தினம் எடுத்துக் குடித்தார்.