குழாயில் களி

அம்மா செத்து முப்பதாம் நாள் ஜெபக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துச் சித்தூர் வீட்டுக்கு வந்தால், சமையலறை சிங்க்கில் விளிம்புவரை தண்ணீர் நிற்கிறது. நாற்றம் வாசலுக்கே வந்தது.

"எத்தினி நாளா இப்டி?"

நைனா கதவோரம் நின்றார். "அம்மா இருந்தப்பவே மெதுவாத்தான் எறங்கும். இப்ப சொட்டுச் சொட்டாத்தான் போவுது. பிளம்பர் நாகேந்திரன் வந்து பார்த்தான். 'கோட பகலகொட்டாலி'ன்னுட்டுப் போய்ட்டான்."

சுவரை உடைக்க வேண்டுமாம். மிஷன் காம்பவுண்டின் பழைய வீடு அது. சிங்க்குக்குக் கீழிருந்து இரும்புக் குழாய் சுவருக்குள் நுழைந்து பின்பக்கச் சாக்கடையில் போய் விழும். உடைத்தால் எது நிற்கும், எது விழும் என்று யாருக்கும் தெரியாது. நானே செய்துகொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். நைனாவிடம் அதற்குமேல் பேசப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை போட்டபோது அம்மா முப்பத்தொரு கிலோ. தொண்டைக்குக் கீழே கட்டி, பல வாரமாகச் சாப்பாடே சரியாக இறங்கியிருக்காது என்றார் டாக்டர். ஆனால் தினமும் நான் போனில், "அம்மா துன்னுச்சா?" என்று கேட்டபோதெல்லாம், "துன்னுச்சி மா" என்றுதான் நைனா சொன்னார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், பாஸ்டர் ஐயா நிற்கும்போதே, "பட்டினி போட்டுச் சாவடிச்சிட்டு எங்கிட்ட பொய் சொன்ன" என்று கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பதில் இல்லையென்றால் குற்றம் உண்மைதானே. அன்றிலிருந்து அவர் சமைத்ததை நான் தொடுவதில்லை.

தண்ணீரை மொண்டு கொட்டினேன். சோடா உப்பும் வினிகரும் போட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நுரைத்தது, அவ்வளவுதான். இரண்டு குண்டான் வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். அதுவரை சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னா எப்சி, டிகிரி படிச்சிட்டு சாக்கடை தோண்டிக்கினு கீற?"

"டிகிரில இத சொல்லித் தரலக்கா. ரெஞ்ச் இருந்தா குடு."

"குடுக்கறேன். உங்க நைனா மாரி வாங்கிக்கினு மறந்துடாத."

துருப்பிடித்த வளைவைக் கழற்ற அரை மணி நேரமானது. கீழே வாளி வைத்து, கேபிள் ஒயரை உள்ளே விட்டுக் குத்தித் திருகினேன். ஒயரோடு ஒரு கட்டி வந்தது, ரப்பர்போல. எண்ணெய்ப் பிசுக்கு என்றுதான் நினைத்தேன். விரலால் பிட்டேன். வெளியே கறுப்பு, உள்ளே பழுப்பு. நறநறவென்று இருந்தது. புளித்த வாடை.

ராகிக் களி.

மறுபடி குத்தினேன். மறுபடி களி. குழாய் நீளத்துக்கும் அதுதான், படிவு படிவாக. வெந்நீர் ஊற்றி நானே அதை இன்னும் இறுக்கியிருந்தேன்.

மாதாமாதம் இரண்டு கிலோ ராகி மாவு வாங்கிவந்து கொடுத்தது நான். "இட்லி துன்னா ஒடம்பு தேறாது, களி துன்னு. நீ துன்னலன்னு தெரிஞ்சுது, நான் இந்த ஊட்டுக்கே வரமாட்டேன்" என்று போனில் கத்தியதும் நான். ஒவ்வொரு நாளும் அம்மா சொன்ன பதில், "துன்னுட்டேன் பாப்பா."

"நைனா!"

வந்தார். வாளியைப் பார்த்தார். அது என்னவென்று அவர் கேட்கவில்லை.

"நீதான் கொட்டினியா? அம்மாவுக்குக் குடுக்காம?"

"அவதாம்மா. முழுங்கினா மாருல நின்னுக்கும். தண்ணிகூட திரும்பி வந்துடும். கையால கரைச்சிக் கரைச்சி இதுல ஊத்திடுவா. ஒருநாள் பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு எனக்கு ஏன் சொல்லல?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"சொல்லு நைனா."

"கையப் புடிச்சிக்கினா. 'எப்சிகிட்ட சொல்லிடாத, திட்டும்'னா."

"திட்டுனா இன்னா? செத்தா போய்டுவாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

"திட்டுனாகூடப் பரவால்ல" என்றார் நைனா மெதுவாக. "துன்னலன்னா வரமாட்டேன்னு சொன்னியாமே. அதுக்குத்தான் பயந்தா. நீ வர்ற சனிக்கெழம எதுன்னு காலண்டர்ல பார்த்துக்கினே இருப்பா."

வாயைத் திறந்தேன். சின்னக் குழந்தையா அவள், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத் தெரியாதா உனக்கு என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விதான். நைனா கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டு, என் குரல் வந்து விழுவதற்காக நின்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

நான் கேட்கவில்லை. அவர் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.