கல் விழுந்த இடம்

"அந்தாளின்ரை கையிலையிருந்து கண்ணை எடுக்கப்படாது, விளங்கிச்சோ?" என்று அழைப்புமணியை அழுத்துவதற்கு முன் அரியரத்தினம் இன்னொருமுறை சொன்னார். அவர் மனைவி கோசலை தலையாட்டினாள். கற்கள் அவளுடைய கைப்பைக்குள் இருந்தன. லெ பிளாங்-மெனிலில் ரயில் ஏறியதிலிருந்து அந்தப் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடிதான் வந்திருந்தாள். பாரிஸின் கார் டு நோர் நிலையத்தில் இறங்கி தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக்களைக் கடக்கும்போது, எதிரே வந்த தெரிந்த முகங்களுக்குச் சிரிக்கக்கூட அரியரத்தினம் அவளை விடவில்லை.

மற்றவர்களெல்லாம் உழைத்த காசைப் பவுனாக்கியபோது அவர் மட்டும் இரத்தினக்கல் வாங்கினார். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராக ஆனவர். ஒவ்வொருமுறை இலங்கைக்குப் போகும்போதும் இரத்தினபுரிவரை போய் ஒரு கல்லோடு திரும்புவார். நீலம், சிவப்பு, ஒரு வைடூரியம். "சோடாப் போத்தில் துண்டுகளைக் காசு குடுத்து வாங்கி வந்திருக்கிறார்" என்று மச்சான்மார் பகிடி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அவர்கள் போன பிறகு கற்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அது கோசலைக்கு மட்டுமே தெரியும்.

பக்கத்து வீட்டில் களவு போனபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. காப்புறுதிக் கம்பனிக்குப் போனார். நிறக்கற்களுக்கு வெறும் வாய்ச்சொல் செல்லாது, விற்பனையோடு சம்பந்தமில்லாத ஒரு மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும் என்றார்கள். அதன் பிறகு ஆளைத் தேடும் படலம். ஒரு நகைக்கடைக்காரர் இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். இன்னொருவர் கண்ணாடியால் ஒரு கணம் பார்த்துவிட்டு, "எனக்கே தாங்கோவன், அண்ணை" என்றார். நம்மாட்கள் கல்லை மாற்றிவிடுவார்கள் என்றார்கள் சிலர், வெள்ளைக்காரன் விலையைக் குறைத்துவிடுவான் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் மளிகைக்கடை தவரத்தினம்தான் மார்செலின் பெயரைச் சொன்னார். பாண்டிச்சேரிக்காரர், ஏலக் கூடமொன்றில் கல் பார்த்து ஓய்வுபெற்றவர். "கல்லை வாங்கவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன். விலை கூடினாலும் குறைஞ்சாலும் என் கூலி ஒண்ணுதான்" என்று தொலைபேசியில் சொன்னார் மார்செல்.

"இப்பிடி வடிவாக் கதைக்கிறவனைத்தான் நம்பேலாது" என்றார் அரியரத்தினம், போனை வைத்துவிட்டு.

மாக்ஸ் டொர்முவா மெட்ரோ நிலையத்துப் பக்கம், மேல்மாடியில் சின்ன வீடு. மார்செலுக்கு எழுபது வயதிருக்கும். வீட்டுக்குள்ளேயும் கோட்டுப் போட்டு, சப்பாத்துக் கட்டியிருந்தார். ஜன்னலோர மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, "எல்லாம் உங்க கண்ணு முன்னாலயே நடக்கும், முசியே" என்று இருவருக்கும் நாற்காலி போட்டார். கோசலை பையைத் திறந்து கற்களை எடுத்துக் கொடுத்தாள். பை அப்படியே வாயைத் திறந்தபடி அவள் மடியில் இருந்தது.

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கல்லையும் இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, தராசில் நிறுத்து, பார்த்ததைச் சொன்னார். சில கற்கள் நிறம் கூட்டுவதற்குச் சூடு காட்டியவை, விலை சற்றுக் குறையும் என்றார். அரியரத்தினம் கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்தார். பிறகு பெரிய நீலக்கல்லை எடுத்தார். பூதக்கண்ணாடியை இறக்கவேயில்லை.

"இதுக்கு நெருப்பே காட்டல. பொறந்தபடியே இருக்குது. உங்களுக்கு நல்ல கண்ணு, முசியே."

அரியரத்தினத்தின் முகம் அப்படி மலர்ந்து கோசலை பார்த்து எத்தனையோ காலம். அவள் கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம். இடுக்கியின் நுனியில் கல் இல்லை.

"சில நேரம் துள்ளும். பதட்டப்படாதீங்க. இங்கதான் இருக்கும்" என்று மார்செல் மேசையின்மேல் குனிந்தார். தாளைத் தூக்கிப் பார்த்தார். இல்லை. தரையில் தடித்த கம்பளம்.

"கல்லு எங்கை?" என்றார் அரியரத்தினம். குரல் மாறியிருந்தது. "இவ்வளவு நேரமும் துள்ளாத கல்லு, நல்ல கல்லெண்டு சொன்ன உடனை துள்ளுமோ? எழும்புங்கோ. உங்கடை பொக்கெற்றை ஒருக்காக் காட்டுங்கோ."

"இஞ்சேருங்கோ…" என்றாள் கோசலை.

"நீர் பேசாமல் இரும்!"

மார்செல் எழுந்து, தானாகவே கோட்டுப் பைகளை வெளியே இழுத்துவிட்டார். ஒரு கைக்குட்டை, சாவிக்கொத்து, காகிதம் சுற்றிய இருமல் மிட்டாய் இரண்டு. காற்சட்டைப் பைகளையும் இழுத்துவிட்டார். "சப்பாத்து" என்றார் அரியரத்தினம். கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு வாங்க நாடாவை அவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மர்கரீத் காப்பித் தட்டோடு வந்தாள். பைகள் நாக்குப்போலத் தொங்க, காலுறையோடு நின்ற கணவரைக் கண்டாள். "மார்செல்?" என்றாள்.

கோசலைக்கு முகம் வியர்த்தது. துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். விரலில் கல் பட்டது.

சொல்லியிருக்கலாம். 'இஞ்சை கிடக்குது' என்று இரண்டு சொல். ஆனால் அதைச் சொன்னால், அந்த மனிதர் காலுறையோடு நிற்கும்போது, அந்த அம்மாவின் முன்னால் தன் கணவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அப்படி அந்தக் கணம் உண்மையிலேயே நினைத்தாளா, பிறகு நினைத்துக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியாது. மூடிய கை வெளியே வந்தது. நாற்காலி ஓரமாகத் தொங்கியது. விரிந்தது. கம்பளத்தில் சத்தமே இல்லை. காலால் அதைத் தன்னைவிட்டுத் தள்ளினாள். எங்காவது, தன்னிடமிருந்து தூரமாக. அது எங்கே போய் நிற்கும் என்று அவள் குறிபார்க்கவில்லை.

"கீழை… ஒருக்காப் பாருங்கோ" என்றாள்.

அரியரத்தினம் முழங்காலில் விழுந்தார். எழுந்தபோது கையில் நீலக்கல். "அவரின்ரை கதிரைக்குக் கீழை! காலுக்குள்ளை!"

மார்செல் கல்லைப் பார்த்தார். பிறகு கோசலையைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதலான நேரம். "கெடைச்சிடுச்சுல்ல. உக்காருங்க" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நிறுக்கத் தொடங்கினார். காப்பியை யாரும் தொடவில்லை. நீலக்கல்லுக்கு அவர் போட்ட மதிப்பு அரியரத்தினம் ஆசைப்பட்டதைவிடக் கூட. காப்புறுதிக் கம்பனி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஞாயிறு இருவரும் தவரத்தினத்தின் கடையில் நின்றார்கள். கோசலை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆள் பெரிய கள்ளன்" என்று தொடங்கினார் அரியரத்தினம். "காலுக்குக் கீழை போட்டு வைச்சிருந்தவர். நான் விடேல்லை."

"என்ரை தங்கச்சிக்கும் அவரைத்தான் சொல்லி வைச்சனான்" என்றார் தவரத்தினம். "நல்ல காலம் சொன்னியள். இனி ஒருத்தரையும் அனுப்பமாட்டன்."

"அந்த மனிசன் அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்றாள் கோசலை.

"இவவுக்கு ஊரிலை எல்லாரும் நல்லவைதான்." இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். கல்லாப்பெட்டிக்கருகே நின்ற பெண்ணும் சிரித்தாள். கோசலை முருங்கைக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தாள். தையல்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவள், தையல்கடையைத் தாண்டி நடந்தாள்.

மார்செலே கதவைத் திறந்தார்.

"ஐயா, அந்தக் கல்லு என்ரை பைக்குள்ளைதான் கிடந்தது. நான்தான் கீழை போட்டனான்."

"தெரியும்மா." அவர் வெளியே வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "உங்க கை தெறந்தத பாத்தேன். அப்பவே சொல்லியிருப்பேன். ஆனா அவரு நின்ன நெலயப் பாத்ததும், வீட்டுக்குப் போயி உங்கள அடிப்பாரோன்னு பயந்துட்டேன். அதான் வாய மூடிக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் பண்ணலையே?"

தலையைக் குனிந்தால் போதும். அதற்கு மார்செல் வைத்துக்கொண்ட அர்த்தத்தோடு படியிறங்கிப் போய்விடலாம். தனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்து கஞ்சி வைத்துத் தருகிற மனிதரைப்பற்றி, இந்த வீட்டு வாசலில் இன்னொரு பொய்.

"இல்லை ஐயா. அவர் கை நீட்டுற ஆளில்லை. ஒருநாளும் இல்லை."

மார்செலின் முகத்திலிருந்த இரக்கம் மெல்ல வடிந்தது. அது முழுவதும் வடியும்வரை கோசலை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"அப்ப ஏம்மா?"

"அவர் இப்ப கடையிலை நிண்டு உங்களைக் கள்ளனெண்டு…" என்று தொடங்கினாள். மிச்சத்தை அவர் விளங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து மர்கரீத், யார் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"யாரும் இல்ல" என்று மார்செலும் பிரெஞ்சிலேயே சொன்னார். "வீடு மாறி வந்துட்டாங்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் மாடிப்படி விளக்கும் தானாக அணைந்தது. கோசலை இருட்டில் சுவரைத் தடவி விளக்குப் பொத்தானைத் தேடினாள். அகப்படவில்லை. கீழே யாரோ தெருக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, விளக்கைப் போட்டார்கள். எல்லா மாடியும் ஒரேயடியாக வெளிச்சமாயிற்று. காலடிகள் மேலே ஏறி வந்தன. கோசலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.