முழு மதிப்பெண்ணுக்குத் தண்டனை

கொரியத் தலைநகரில் தேர்வுப் பயிற்சிக் கூடங்கள் நிறைந்த நோரியாங்ஜினில் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ஊர், பேர் எல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள். எத்தனையாவது தடவை என்பதுதான் முதல் கேள்வி. போராமுக்கு இது நான்காவது. மூன்று தடவையும் அவளைக் கவிழ்த்தது பாழாய்ப்போன ஆங்கிலம். அதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டு வேறு வேறு பொருள் சொல்லும் சொற்கள். நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரியாம், பேனா காகிதமும் ஸ்டேஷனரியாம். நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறுமாம். எவன் வைத்தானோ!

அதற்காகவே காலை ஏழு மணிப் படிப்புக் குழுவில் சேர்ந்திருந்தாள். தினம் அப்படிப்பட்ட இருபது ஜோடிச் சொற்களில் தேர்வு. பக்கத்து ஆளோடு தாளை மாற்றித் திருத்த வேண்டும். பதினைந்துக்குக் கீழே மூன்று முறை வாங்கினால் குழுவை விட்டு வெளியே. போராம் ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிவிட்டாள். குழு இல்லாவிட்டால் பத்து மணிவரை தூங்குவாள், ஐந்தாவது தடவையும் எழுதுவாள். அது அவளுக்கே தெரியும்.

அன்று அவள் தாள் பக்கத்தில் இருந்த முன்சுவிடம் போனது, அவன் தாள் அவளிடம் வந்தது. அவனும் இரண்டு முறை கோட்டை விட்டவன். அவன் தாளில் பதினொன்று தேறினாலே பெரிது. பாவமாக இருந்தது. இருபதுக்கும் சரி போட்டுக் கொடுத்தாள். அவள் தாள் திரும்பி வந்தது. அதிலும் இருபது!

குழுத்தலைவி ஒக்ஜு கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தாள்.

"அடேங்கப்பா! முழு மார்க் வாங்கினவங்கதான் மறுநாள் பாடம் எடுக்கணும், ஞாபகம் இருக்குல்ல? நாளைக்கு இருபது ஜோடியும் உங்க பொறுப்பு."

ஆறு மாதமாக யாரும் முழுசாக வாங்காததில் அந்த வழக்கமே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

"ஏன்டா, பதினஞ்சு போட்டாப் போதாதா?" என்று படியிறங்கும்போதே பிடித்துக்கொண்டாள் போராம்.

"நீங்க மட்டும் கஞ்சத்தனமாவா போட்டீங்கக்கா?"

கப்பில் சோறு போட்டு விற்கும் தெருக்கடை வாசலில் நின்றபடியே தொண்டை கட்டும்வரை இருவரும் படித்தார்கள். மறுநாள் பலகை முன்னால் டெசர்ட் என்ற பாலைவனத்தையும் டிசர்ட் என்ற சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பையும் போராம் எழுதிப் பிரித்துக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் குறிப்புக்கூட எடுத்தார்கள். பிறகு வழக்கம்போல் தேர்வு.

முன்சு திருத்திக் கொடுத்த அவள் தாளில் பத்தொன்பது. கடைசி விடைக்கு மட்டும் சிவப்பாகத் தப்பு. உற்றுப் பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

"டேய், இது சரிதானடா?"

"சத்தம் போடாதீங்கக்கா. இருபதுன்னா நாளைக்கும் நீங்கதான் பாடம் எடுக்கணும். காப்பாத்தியிருக்கேன்."

பிறந்ததிலிருந்து உண்மையாக வாங்கிய முதல் இருபது! போராம் தாளைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தாள்.

"தலைவி, இவன் தப்பாத் திருத்தியிருக்கான். நாளைக்கும் நான்தான் பாடம் எடுப்பேன்!"