குறி சொன்ன தலைவலி

அன்னவாசலுக்கு மேற்கேயுள்ள சிற்றூர் ஒன்றில், 1952 மாசி முதல் பொன்னுத்தாயின் தலைவலி மூன்று வீடு தள்ளிக் கேட்டது. பாறையில் உளி விழும் ஓசை. வலது நெற்றியில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. ஊரார் ஒரே வாரத்தில் அதற்குப் பழகினர். மறுவாரம் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். அவள் முன் தேங்காய் உடைத்துக் கேள்வி கேட்டனர். ஓசை ஓங்கினால் ஆம், தாழ்ந்தால் இல்லை. விதைப்பதும் பெண் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும் ஒருத்தியின் வேதனையைக் கேட்டே முடிவாயின. அவள் வாந்தியெடுத்தபோதெல்லாம் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்த ஆண்டு, கணவன் பிச்சை அவளை மாட்டுவண்டியில் புதுக்கோட்டைக்குக் கொண்டுசென்றான். திருமயம் பக்கத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் உடையப்பன், தகப்பனார் உப்பு மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கியைத் தலைவலிக்கென்றே தனி மருத்துவமனையாக்கியிருந்தார். எட்டுக் கட்டில்கள், நீலத் திரையிட்ட சன்னல்கள், சத்தமின்றி வெறுங்காலில் நடக்கும் நர்சு சீதை. அங்கே எவரும் சாதி கேட்கவில்லை. எப்போது உண்டாய், எவ்வளவு உறங்கினாய், வலிக்கு முன் கண்ணில் ஏதும் மின்னியதா என்றே கேட்டனர். உளியோசையை டாக்டர் கடிகாரம் வைத்து எண்ணி, வியப்பின்றிச் சீட்டில் குறித்தார்.

"மாத்திரை வாரத்துக்கு ரெண்டுதாம்மா. மிஞ்சினா அதுவே வலியக் கொண்டாந்துரும்."

"இது சாமி இல்லீங்களா?"

"சாமியா இருந்தா ஒன்னைய ஏம்மா வாந்தியெடுக்க வைக்குது?"

பொன்னுத்தாய் சிரித்தாள். ஓராண்டுக்குப் பின் அவள் சிரித்தது அன்றுதான்.

சீதை மாதந்தோறும் கேட்டெழுதிய குறிப்புகளிலிருந்து டாக்டர் ஒரு பட்டியல் தந்தார். பட்டினி, உச்சி வெயில், உறக்கமின்மை, சாம்பிராணிப் புகை: இவை அவளுக்கு ஆகா. பிச்சை அதன்படியே பார்த்துக்கொண்டான். ஓசை முதலில் வீட்டுக்குள் அடங்கியது. பிறகு தலையணையைத் தாண்டவில்லை.

1955 ஆடியில் மழை இல்லை. ஊர்ப்பெரியவர் சோலையப்பன் கூட்டம் கூட்டினார்.

"ஏண்டா பிச்சை, ஒம் பொண்டாட்டி நல்லாயிட்டா ஊருக்கு யாருடா வழி சொல்றது? ஒங்க கிட்டங்கி டாக்டரா?"

கூட்டம் சிரித்தது. எவையெல்லாம் ஆகா என்று தெரிந்தால் அவளை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பிச்சை பட்டியலை எடுத்து எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். அவள் வலியை வரவழைக்கும் வழியை ஊர் அவன் வாயாலேயே தெரிந்துகொண்டது.

மூன்று நாள் பட்டினி போட்டனர். இரவெல்லாம் பறையடித்து உறங்கவிடாமல் வைத்தனர். உச்சி வெயிலில் கண்மாய்க் கரையில் நிறுத்திச் சுற்றிலும் சாம்பிராணி போட்டனர். ஒரு பெண்ணின் தலையைப் பஞ்சாங்கமாகப் புரட்டிய ஊருக்கு, அவள் தண்ணீர் கேட்டது மட்டும் காதில் விழவில்லை. ஊர்விலக்குக்கு அஞ்சிப் பிச்சை கூட்டத்தோடு நின்றான். மழை வருமா என்று கேட்டார்கள். ஓசை அன்னவாசல் சந்தைவரை ஓங்கியது. ஆர்ப்பரித்தார்கள். ஓசை நின்றது, அவள் விழுந்தாள், மூச்சும் இல்லை. மழை பெய்யவில்லை.

பதினேழாம் நாள் பிச்சை கிட்டங்கிக்கு நடந்தே வந்தான். அவன் வலது நெற்றியிலிருந்து உளியோசை கேட்டது. சீதைக்கு அது எவருடைய ஓசை என்று உடனே தெரிந்தது. ஆயினும் வழக்கப்படி சீட்டெடுத்துப் பெயர் கேட்டாள்.

"பொன்னுத்தாய்ங்க" என்றான்.

சீதை அப்படியே எழுதி, சன்னலோரக் கட்டிலைக் காட்டினாள். மற்ற நோயாளிகள் சற்று ஒதுங்கி வழிவிட்டனர். பொன்னுத்தாய் நேரத்துக்கு உண்டாள், நன்றாக உறங்கினாள் என்று 1963 வரை அந்தச் சீட்டில் நாள்தோறும் குறிப்பு ஏறியது.