ஆஷ்மியரின் கிழக்குச் சுவர்

வாஸ்து என்ற பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட நானே அதற்காக ஒரு பொய் எழுதினேன் என்பதுதான் விஷயம்.

என் தொழில் பழைய கட்டடங்களின் வரலாற்றை எழுதிக் கொடுப்பது. எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு, எந்த ஜன்னலை எவன் பிடுங்கிப்போட்டான் என்று நான் ரிப்போர்ட் கொடுத்தால், டவுன்ஷிப்பில், அதாவது ஊர் நிர்வாகத்தில், மறுகேள்வி கேட்கமாட்டார்கள். ஜெயலீலா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற பெயரை வாங்க எனக்கு இருபத்தாறு வருடம் ஆயிற்று.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் ஆஷ்மியர் மாளிகை. இங்கிலாந்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஒரு பிரபுவின் வீடு நியூ ஜெர்சிக்கு எப்படி வந்தது? 1927இல் ஒரு சோப்புக் கம்பெனி முதலாளி அதை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் எண் போட்டு, கப்பலில் ஏற்றிவந்து இங்கே மறுபடி நிறுத்தினான். பணத் திமிர்தான், வேறென்ன? ஆனாலும் அந்தத் திமிருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். அவன் வாங்காவிட்டால் அது அங்கேயே இடிந்து மண்ணாகியிருக்கும்.

அந்த வீட்டுக்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருக்கும். வாசலைத் தாண்டினால் பெரிய கூடம். ஐந்நூற்று நாற்பது வருடத்து ஓக் உத்தரங்களில் அந்தக் காலத்து அடுப்புப் புகை இன்னும் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் நூறு வருடம் தாண்டி நிற்பீர்கள். நீளமான காலரி, மழைநாளில் பெண்கள் உலாவுவதற்காகக் கட்டியது. அங்கிருந்து பக்கத்து அறைக்குப் போனால் இன்னொரு நூறு வருடம், உயர உயரமான ஜன்னல்கள். கோடியில் இருக்கும் கோபுரம் மட்டும் விக்டோரியா காலத்து அல்டாப்பு. எனக்கு அது பிடிக்காது, ஆனால் அதுவும் அந்த வீட்டின் வயசுதானே. ஐந்தாறு காலங்கள் ஒரே கூரைக்கடியில் சண்டை போடாமல் இருந்தன.

இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்ததைக் குமாரசாமியும் சாந்தாமணி அக்காவும் வாங்கினார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முப்பது வருடம். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் தொழில். பாதுகாக்க வேண்டிய பழைய வீடுகளின் லிஸ்ட்டில் ஏற்றுவதற்காக நான் வரலாறு எழுத ஆரம்பித்த இரண்டாம் வாரமே குண்டைத் தூக்கிப்போட்டார் குமாரசாமி.

"ஏனுங் மேடம், மெயின் டோர் தெக்கால பாக்குதுங்களே. கெழக்க ஒரு வாசல் போட்டுக்கலாமுங்களா?"

"லிஸ்ட்ல ஏறணும்னா பழைய வீட்டுச் சுவரை உடைச்சுப் புது வாசல் வைக்க டவுன்ஷிப் allow பண்ணாதுங்க. முன்னாடியே ஒரு வாசல் இருந்து அடைச்சிருந்தா மட்டும் திறக்கலாம்."

"அப்படீன்னா இந்த வீடு எங்களுக்கு ஆகாதுங்க. வேர்ஹவுஸ் கட்டறவன் ஒருத்தன் தெனமும் ஃபோன் பண்ணிட்டு இருக்கான். இன்னும் லிஸ்ட்ல ஏறல பாருங்க, இடிச்சாக்கூட யாரும் கேக்க முடியாதாமா."

இந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் என்று கை பரபரத்தது. சாந்தாமணி அக்காதான் என்னைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காத அம்மிணி. போன வீடு தெக்கு வாசல். ஆறே வருசத்துல பெரியவன் டைவர்ஸ், இவருக்கு பைபாஸ். எனக்குத் தெக்கு வாசல்ல கால் வெக்கவே நடுங்குது. இந்த வீட்ட விடவும் மனசு வரல."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் எல்லாக் காகிதங்களையும் புரட்டினேன். பழைய வரைபடம், பிரபு குடும்பத்துக் கடிதங்கள், கப்பலில் ஏற்றிய பெட்டிகளின் பட்டியல். கிழக்கில் வாசல் இருந்ததாக ஒரு வரி கிடையாது.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் தனியாகப் போனேன். காலரியில் வெயில் இதமாக விழுந்திருந்தது. அளவு டேப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு சும்மா சாய்ந்தவள் தூங்கிப்போனேன். கனவில் அந்த வீடு பின்னோக்கிப் போயிற்று. கோபுரம் கரைந்தது. உயர ஜன்னல்கள் சுருங்கின. காலரி என் கீழிருந்து மெல்ல நழுவி, நான் கூடத்தில் நின்றேன். நடுவில் கணப்பு எரிகிறது, புகை உத்தரத்தைத் தேடிப் போகிறது. கிழக்குச் சுவரில் ஒரு வாசல். அதன் வழியாகக் கைகளைத் துடைத்தபடி ஒருத்தி உள்ளே வந்தாள். கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த சொந்தக்காரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

விழித்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்: கூடத்தின் கிழக்குச் சுவரில் ஆதி வாசல் ஒன்று இருந்து, பிற்காலத்தில் அடைக்கப்பட்டது.

என் கணவர் கிருபைராஜ் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "ஆதாரம் எங்க?"

"இருக்கு."

"டெஸ்ட் ஹோல் போட்டுப் பாத்தியா?"

"உங்க வேலையப் பாருங்க."

டெஸ்ட் ஹோல் என்பது எங்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் முதல் காரியம். உடைக்கும் முன்னால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைச் சுரண்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். என்னிடம் வேலை பழகியவர்கள் அதை மறந்தால் நான் போடும் சத்தம் ஊருக்கே கேட்கும். ஆனால் இங்கே அதைப் போட்டால் வாசல் இல்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். அதனால் போடவில்லை. 'பூச்சைத் தொடத் தேவையில்லை' என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். பூச்சுக்குப் பின்னால், இங்கே மறுபடி கட்டிய 1928இன் வெறும் செங்கல்தானே இருக்கப்போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

டவுன்ஷிப்பில் ஒரே கூட்டத்தில் அனுமதி கொடுத்தார்கள். வீடும் லிஸ்ட்டில் ஏறியது, இனி யாரும் இடிக்க முடியாது. வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள்.

சுவரை உடைத்த அன்று நான் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன். போய்ச் சேரும்போது மணி பத்து. கூடத்தில் நான் அதுவரை பார்த்திராத வெளிச்சம். கிழக்கு வெயில் நேரே உள்ளே வந்து, தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. கனவில் கண்ட அதே இடம். ஒரு கணம் எனக்கே என் பொய் மறந்துபோயிற்று.

பிறகுதான் காலடியைப் பார்த்தேன். செங்கல் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மண். வைக்கோல் கலந்து, பின்னிய குச்சிகளின் மேல் கையால் அப்பிய மண். மாளிகைக்கெல்லாம் முந்திய, வெறும் குடிசையாக இருந்தபோது வைத்த சுவர். யாரோ ஒரு தச்சன் அதை மரச்சட்டத்தோடு அப்படியே பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, இங்கே இரண்டு பூச்சுக்கு நடுவில் பத்திரமாக நிறுத்தியிருக்கிறான். பட்டியலில் எழுத மறந்துவிட்டான். ஒரு கட்டியை எடுத்தேன். மண்ணை அப்பியவளின் நான்கு விரல்கள் அதில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. என் கை அந்தத் தடத்தில் சரியாகப் பொருந்தியது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதே வாரம் என் ரிப்போர்ட் பொய் என்று டவுன்ஷிப்புக்கு எழுதிப் போட்டேன். கிருபைராஜ் காபி போட்டு வைத்தார். எனக்கு இனி யாரும் வேலை தரமாட்டார்கள், அது நியாயம்தான். மற்றதெல்லாம் உண்மை என்பதால் வீடு மட்டும் லிஸ்ட்டில் நின்றது. சாந்தாமணி அக்காவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பால் காய்ச்சும் அன்று சாந்தாமணி அக்காவே காரில் வந்து என்னைக் கூட்டிப்போனார். புது வாசலில் மாவிலை கட்டியிருந்தது. குத்துவிளக்கை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உன்னாலதான் அம்மிணி. அந்தக் காலத்துல அவங்களும் இந்த வாசல்லதான் வந்து போயிருப்பாங்க, இல்ல?"

"இல்லக்கா. இங்க வாசலே இருந்ததில்ல. சுவர் இருந்தது. இந்த வீட்லயே வயசான சுவர் அதுதான். வாசல்னு நான்தான் பொய் எழுதினேன்."

அவர் கை மெல்லத் தளர்ந்தது. வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே பால் பொங்கி எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

"அப்ப இத மூடிப்போடலாமா அம்மிணி? நான் வேணா அவர்கிட்டச் சொல்றேன்."

"மூடலாங்க்கா," என்றேன். "மூடறதுக்கு அந்தச் சுவர்தான் இல்ல."