மில்லியான கரண்டி

“ஐந்து மில்லியால் நன்றாகக் கலக்கவும்” என்ற வரியைப் படித்ததும் பிழைதிருத்தும் அறையே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

அந்த மருந்துக் கையேட்டில் குழந்தைகளுக்கான அளவெல்லாம் கரண்டிக் கணக்கில் இருந்தது. வீட்டுக்கு வீடு கரண்டி மாறும். கூடிப்போனால் பிள்ளைக்கு ஆபத்து. மில்லியாக மாற்றச் சொன்னால், யாரோ கண்ணை மூடிக்கொண்டு கணினியில் ‘தேடி மாற்று’ கட்டளை கொடுத்திருக்கிறார்கள். கலக்குகிற கரண்டியும் மில்லியாகிவிட்டது. பழைய பிரதிகளை மீட்ட மேலாளர், கையாலேயே மாற்றும்படி சொன்னார்.

“நான் நிரல் எழுதித் தரேன் சார்” என்றாள் கடைசி மேசைப் பிழைதிருத்துநர். பிள்ளைகளை வளர்த்துவிட்டு அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

எதிர் மேசையில் தலைமைப் பிழைதிருத்துநர், அவளுடைய நாத்தனார். “அண்ணி, அடுப்படி அவசரம் இங்க வேண்டாம்” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் தன் திரையின் பக்கம் திரும்பினாள். கையேடு கணினியில் எக்ஸ்எம்எல் கோப்பாக இருந்தது; அது பெட்டிக்குள் பெட்டி: மருந்து, அதற்குள் குழந்தை, அதற்குள் அளவு. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன விதி எழுதினாள். குழந்தைக்குள் இருக்கும் அளவு என்றால் கரண்டியை மில்லியாக்கு. வேறு எதுவானாலும் இருந்தபடியே திருப்பிக் கொடு. ஓட்டினாள்.

அச்செடுத்த தாளை நாத்தனார் வரிவரியாகப் படித்தாள். “‘குலுக்கிக் கொடுக்கவும்’னு இருந்துச்சே, எங்க போச்சு?”

அவள் மூலக்கோப்பைத் திறந்து பார்த்தாள். அளவுப் பெட்டிக்குள் எச்சரிக்கைக்கென்று இன்னொரு குட்டிப் பெட்டி இருந்திருக்கிறது. அவளுடைய விதி அதை விழுங்கிவிட்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவள் நிரல் மூலக்கோப்பைத் தொடவே இல்லை; மாற்றங்களோடு புதிதாக ஒன்றைத்தான் கட்டித் தந்திருந்தது. விதியைத் திருத்தினாள்: எழுத்தை மட்டும் மாற்று, உள்ளே பெட்டி இருந்தால் அப்படியே விடு. மறுபடி ஓட்டிவிட்டு, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாள்.

மாறியதெல்லாம் குழந்தைகளின் அளவு மட்டும். கலக்குகிற கரண்டி கரண்டியாகவே இருந்தது.

நாத்தனார் அன்று முழுக்கப் படித்தாள். சாயங்காலம் கடைசித் தாளை வைத்துவிட்டு, “ஒண்ணும் சிக்கல, அண்ணி” என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். அதைவிட அதிகமாக மரியாதை. மேலாளர் மேசையைத் தட்டினார். “அடுத்து பெரியவங்களுக்கான மருந்துக் கையேடு. அதுவும் உங்ககிட்டதான்.”

அவள் சத்தமாகச் சிரித்தாள், அந்த அறையில் முதல்முறையாக.

நாத்தனார் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “அந்த விதியக் காட்டுங்க.” திரையில் ஒரு பெட்டி திறந்தது; அதற்குள் இன்னொன்று. இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.